விழுந்தது குவாட்டர்பேக், பழி யாருக்கு?

அமெரிக்க ஃபுட்பால் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதுதான் தாமதம், வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே பஞ்சாயத்து. ஆட்டம் சொதப்பினால் குற்றம் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குடையதா, அவருக்கு முன்னால் நின்று தடுக்கும் ஆட்களுடையதா? சரி, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேறு கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

டல்லாஸிலிருந்து ஒரு வாசகி: ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் இதே சண்டைதான். குவாட்டர்பேக் கீழே விழுந்த உடனே என் கணவர் "லைன் சரியில்லை" என்கிறார். எனக்கோ அந்த ஆள் பந்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த மாதிரிதான் தெரிகிறது. யார் சொல்வது சரி?

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் நாலு வரி. சென்டர் என்பவர் குனிந்து பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கிடம் கொடுப்பார், அதுதான் ஸ்நாப். அவருக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கார்டு, அதற்கு வெளியே ஆளுக்கொரு டேக்கிள், ஆக மொத்தம் ஐந்து பேர், இதுதான் லைன். இவர்கள் சேர்ந்து குவாட்டர்பேக்கைச் சுற்றிக் காப்பாற்றி வைக்கும் அந்தக் கொஞ்ச இடம்தான் பாக்கெட். பந்தை எறிவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே அவரை வீழ்த்திவிட்டால் சாக்.

இனி உங்கள் சண்டை. என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக் ஆட்டத்தில் ஒரு குவாட்டர்பேக் பந்தை வாங்கி எறிய எடுக்கும் நேரம் சராசரியாக மூன்று வினாடிக்கும் குறைவு. அதனால் அடுத்த ஞாயிறு டிவி முன்னால் உட்கார்ந்து, ஸ்நாப் ஆனதும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணுவதற்குள் எதிரணி ஆள் வந்து மேலே விழுந்தால் உங்கள் வீட்டுக்காரர் கட்சி ஜெயித்தது, ஏனென்றால் அதற்குள் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர்களில் பாதிப்பேர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு எண்ணிய பிறகும் மனிதர் பந்தோடு நின்றுகொண்டிருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. பின்னால் நகர்ந்துகொண்டே ஒரு ராட்சசனை அதற்கு மேலும் பிடித்து வை என்று யாரிடமும் கேட்க முடியாது, அதுவும் சட்டையை இழுத்துப் பிடித்தால் ஹோல்டிங் என்று பத்து யார்டு தண்டனை வேறு.

இடையில் இருக்கும் மூன்றாவது வினாடிதான் வில்லங்கமே. இங்கே டிவியில் தெரிவதை நம்பினால் பெரும்பாலும் தப்பான ஆளைத் திட்டுவோம். உதாரணத்துக்கு, வெளிப்பக்கத்திலிருந்து வேகமாக ஓடி வருபவரை டேக்கிள் நேருக்கு நேர் நிறுத்துவதில்லை. அவரை வளைத்து ஒரு அரைவட்டத்தில், குவாட்டர்பேக் நிற்கும் இடத்துக்கும் பின்னால் தள்ளிக் கொண்டு போய்விடுவார். குவாட்டர்பேக் ஏழு யார்டு பின்வாங்கி நின்று, பிறகு ஒரு காலடி முன்னால் வந்தால் ஓடி வந்தவர் அவருக்குப் பின்பக்கமாகக் கடந்து போய்விடுவார். அதே ஆள் பயத்தில் பத்து யார்டு பின்வாங்கி நின்றால்? அந்த அரைவட்டம் நேராக அவர் மடியில் வந்துதான் முடியும். வர்ணனையாளர் டேக்கிள் பெயரைச் சொல்வார், நாமும் டேக்கிளைத் திட்டுவோம், அவரோ தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்.

இன்னொன்று, யாருமே தொடாத ஒருவர் சும்மா ஓடி வந்து அடிப்பது. இதைப் பார்த்ததும் "லைன் தூங்கிவிட்டது" என்று கத்தத் தோன்றும். ஸ்நாப்புக்கு முன்னால் குவாட்டர்பேக் எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கரை விரலால் காட்டி ஏதோ கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். காட்டப்படும் அந்த ஆளுக்கு 'மைக்' என்று பெயர். அவரை வைத்துத்தான் யார் யாரைப் பிடிப்பது என்ற கணக்கு ஓடும். சில அணிகளில் சென்டரே இதைச் செய்கிறார். எதிரணி வழக்கத்தைவிட அதிகமாக, ஆறு பேரைப் பாய அனுப்பி பிளிட்ஸ் செய்தால் ஐந்து பேர் ஐந்து பேரைப் பிடிக்கலாம், ஆறாவது ஆளை, பந்தை வாங்கி ஓடுபவரான ரன்னிங் பேக் பிடிக்க வேண்டும், அதற்கும் ஆள் இல்லையென்றால் அவர் வந்து சேர்வதற்குள் குவாட்டர்பேக் பந்தை எறிந்துவிட வேண்டும். அப்படிப் பிடிக்க ஆளில்லாமல் மிஞ்சுபவர் எப்போதுமே குவாட்டர்பேக் கணக்கு. அதனால் தடுப்பே இல்லாமல் ஒருவர் ஓடி வந்தால், மைக் யார் என்று காட்டியது யார் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நடுவர் தீர்ப்பு வேண்டுமா? ஒரு சீசன் முழுக்க ஒருவர் எத்தனை சாக் வாங்குகிறார் என்பது பெரும்பாலும் அவரவர் குணம். ஒரே ஒரு ராத்திரியில் எல்லாம் சரிந்து விழுவது பெரும்பாலும் லைனின் கணக்கு. நீங்கள் இருவரும் வேறு வேறு நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சாக் வாங்குவது குவாட்டர்பேக்கின் குணம் என்றால் டேவிட் கார்? அவர் பாவம் இல்லையா?

பாவம்தான், மறுக்கவில்லை. 2002-ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் புதிதாகத் தொடங்கிய அணி. புது ஆட்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக் கார் அந்த ஒரு சீசனில் 76 முறை வீழ்த்தப்பட்டார். இன்றுவரை அதுதான் சாதனை, யாரும் ஆசைப்படாத சாதனை. அவரைக் காப்பாற்றவென்று மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுக்கும்போது முதலில் எடுத்தது டோனி போசெல்லி என்ற பிரமாதமான டேக்கிளை. தோள்பட்டைக் காயத்தால் அவர் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அப்படித் தொடங்கிய கதை. 2005-ல் மறுபடி 68. இவ்வளவு அடி வாங்கினால் கடைசியில் யாரும் தொடாதபோதும் ஓடத்தான் தோன்றும், அப்புறம் அது லைன் குற்றமா அவர் குற்றமா என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். மயாமியின் டான் மரீனோ 1988-ல் 600 முறைக்கு மேல் பந்து எறிந்தார், சாக் ஆனது 6 முறை. பெய்டன் மேனிங் 2009-ல் இண்டியானாபொலிஸில் 10 முறை. "அங்கே நல்ல லைன் இருந்தது" என்று சொல்லலாம். ஆனால் மேனிங் கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2012-ல் டென்வருக்கு மாறினார். புது ஊர், புது சென்டர், புது டேக்கிள், எல்லாமே புதுசு. அந்த வருடம் 21 சாக், அடுத்த வருடம் 18. அந்த 18-லும் ஒரு விசேஷம், இடது டேக்கிள் ரயன் கிளேடி 2013-ல் இரண்டாவது ஆட்டத்திலேயே காயமாகி வெளியே போய்விட்டார், மீதி சீசன் முழுக்க மாற்று ஆள்தான். அதே சீசனில்தான் மேனிங் 55 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) எறிந்தார். லைன் மாறியது, ஆள் மாறினார், எண்ணிக்கை அப்போதும் குறைவுதான். பந்து கையில் இல்லாத ஆளை யார் சாக் செய்வது?

எதிர்ப்பக்கத்தில் ரசல் வில்சன். சியாட்டிலில் 2018-ல் 51, 2019-ல் 48. "அங்கே லைன் மோசம்" என்று எல்லோரும் சொன்னார்கள், ஓரளவுக்கு உண்மையும்கூட. 2022-ல் டென்வருக்குப் போனார், அங்கே 55. பந்தைக் கடைசி நொடி வரை பிடித்துவைத்து நீளமாக எறிவதுதான் அவருடைய அழகே, அந்த அழகுக்கான விலையும் அதுதான்.

சின்சினாட்டியிலிருந்து ஒரு வாசகர்: 2022-ல் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், எங்கள் பெங்கால்ஸின் கடைசி முயற்சியில் ரிசீவர் ஜமார் சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். குவாட்டர்பேக் ஜோ பரோ ஏன் அவருக்கு எறியவில்லை? இன்னும் தூக்கம் வரவில்லை.

தூங்குங்கள் சார், அது பரோ மேல் இல்லை. 2022 பிப்ரவரி 13, ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, தேவை ஒரே ஒரு யார்டு. சேஸைக் காவல் காத்த ஜேலன் ராம்சி தடுமாறி விழுந்தது உண்மை. ஆனால் சேஸ் தனியாகிவிட்டார் என்று தெரியவே இன்னும் கொஞ்ச நேரம் தேவை, ராம்ஸின் ஆரன் டோனல்ட் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தரவில்லை. கார்டைத் தாண்டி வந்து பரோவைப் பிடித்துச் சுழற்றினார், பரோ விழும்போதே எங்கோ எறிந்தார், ஆட்டம் முடிந்தது. அன்று மட்டும் 7 சாக். அதற்கு மூன்று வாரம் முன்னால் டென்னசியில் 9 சாக் வாங்கியும் 19-16 என்று ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள், அதனால் லைன் ஓட்டையை எல்லோரும் கண்டும் காணாமலும் விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோல்விக்குப் பிறகு பெங்கால்ஸ் பணம் கொட்டி லைனில் மூன்று புது ஆட்களை வாங்கினார்கள். 2022 சீசனின் முதல் ஆட்டம் பிட்ஸ்பர்க்குடன், பரோ மறுபடியும் 7 முறை விழுந்தார். அடுத்த ஆட்டம் டல்லாஸுடன், 6 முறை. இரண்டு ஆட்டத்தில் 13! சீசன் முடிவில் மொத்தம் 41, அதாவது மிச்சமிருந்த 14 ஆட்டங்களில் 28தான். இதில் லைன் ஒருவரோடு ஒருவர் பழகியதும் உண்டு. பரோ பந்தைச் சீக்கிரம் விடக் கற்றுக்கொண்டதும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

ஃபிலடெல்பியாவிலிருந்து: எங்கள் ஈகிள்ஸ் கான்சஸ் சிட்டி குவாட்டர்பேக் மஹோம்ஸை 6 முறை சாய்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?

எழுதுகிறேன், அதற்கு முந்தைய இரண்டு ராத்திரிகளையும் சேர்த்தே எழுதுகிறேன், அப்போதுதான் விஷயம் புரியும்.

2021 பிப்ரவரி 7, டாம்பா பே அணியுடன் சூப்பர் பவுல். கான்சஸ் சிட்டியின் இரண்டு டேக்கிள்களுமே காயத்தால் ஆடவில்லை. எரிக் ஃபிஷருக்குக் குதிகால் தசைநாண் அறுந்து போயிருந்தது, மிட்சல் ஷ்வார்ட்ஸுக்கு முதுகு. சாக் எண்ணிக்கை வெறும் 3தான், ஆனால் ஆட்டம் முழுக்க மஹோம்ஸ் உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தார். 31-9 தோல்வி, ஒரு டச்டவுன்கூட இல்லை. அன்று கிடைமட்டமாகக் காற்றில் விழுந்தபடியே அவர் எறிந்த ஒரு பந்து பிடிக்க வேண்டியவரின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. சாக் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பதற்கு அந்த ஆட்டம்தான் சாட்சி.

அந்தக் கோடையிலேயே அணி நிர்வாகம் லைனை அடியோடு மாற்றியது. ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன், டிராஃப்டில் கிரீட் ஹம்ப்ரி, ஆறாவது சுற்றில் கிடைத்த டிரே ஸ்மித். 2023 பிப்ரவரி 12, எதிரே உங்கள் ஈகிள்ஸ், அந்த சீசனில் 70 சாக் எடுத்த கூட்டம். அன்று எத்தனை எடுத்தார்கள்? பூஜ்யம். கணுக்கால் சுளுக்கோடு நொண்டிக்கொண்டே மஹோம்ஸ் 38-35 என்று ஜெயித்தார்.

பிறகு நீங்கள் கேட்டது, 2025 பிப்ரவரி 9. இடது டேக்கிள் இடம் அந்த சீசன் முழுக்கத் தகராறு, கடைசியில் கார்டான தூனியையே அங்கே நகர்த்தி ஆடவைத்தார்கள். ஈகிள்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் விக் ஃபாங்கியோ அன்று ஒருமுறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. முன்னால் நின்ற நாலு பேரே போதும் என்று விட்டுவிட்டு, மீதி ஏழு பேரை ரிசீவர்களைக் காக்க நிறுத்திவிட்டார். நாலு பேரை ஐந்து பேரால் தடுக்க முடியவில்லை என்றால் அங்கே மைக்கைக் காட்டியது யார், ஆறாவது ஆள் யார் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதி ஆட்டத்தில் 24-0, முடிவில் 40-22. ஈகிள்ஸின் கூப்பர் டிஜீனிடம் கொடுத்து டச்டவுன் ஆக்கிக் கொடுத்த அந்த எறிதல் மட்டும் மஹோம்ஸ் தலையில் எழுதப்பட வேண்டியது, மற்றதெல்லாம் லைன். உங்கள் ஆட்கள் அருமையாக ஆடினார்கள், போதுமா?

டொரொன்டோவிலிருந்து: ஸ்கோர்புக்கில் தடுக்கத் தவறியவர் பெயர் ஏன் வருவதில்லை?

கிரிக்கெட்டில் ரன் அவுட் போலத்தான். மறுமுனையில் நின்றவர் "வா வா" என்று கூப்பிட்டுவிட்டுப் பாதியில் திரும்பிப் போயிருப்பார், ஆனால் புத்தகத்தில் அவுட் என்று எழுதுவது ஓடி வந்து ஏமாந்தவர் பெயருக்கு நேராக. என்எஃப்எல் சாக்கை அதிகாரபூர்வமாக எடுத்தவர் பெயரில் எழுதத் தொடங்கியதே 1982-ல்தான். வாங்கியவர் பெயர் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்கும், விட்டவருக்குத் தனிக் கட்டம் கிடையாது. தனியார் நிறுவனங்கள் வீடியோ பார்த்து மதிப்பெண் போடுகின்றன, பயனுள்ளதுதான், ஆனால் அந்த ஆட்டத்தில் யாருக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று அணிக்குள் இருப்பவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

சியாட்டிலிலிருந்து: ஒரு யார்டு தூரத்தில் நின்றுகொண்டு ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்சிடம் கொடுக்காமல் எறிந்தார்களே, அதில் தடுப்பவர்கள் குற்றம் ஒன்றுமில்லைதானே?

இருக்கிறது! எல்லோரும் பயிற்சியாளர் பீட் கேரலையும் வில்சனையும் திட்டித் தீர்த்ததில் இது மறந்தே போய்விட்டது. 2015 பிப்ரவரி 1, பேட்ரியாட்ஸ் 28, சீஹாக்ஸ் 24, கடைசி அரை நிமிடம். வலப்பக்கம் இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முன்னால் நின்ற ஜெர்மெய்ன் கர்ஸ் எதிரே இருந்த பிராண்டன் பிரவுனரைப் பின்னால் தள்ள வேண்டும், அந்த நெரிசலில் பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லருக்கு வழி அடைபட வேண்டும், ரிக்கார்டோ லாக்கெட் உள்ளே திரும்பிப் பந்தைப் பிடிக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். பிரவுனர் இம்மியும் நகரவில்லை, கர்ஸைப் பிடித்து நிறுத்தியேவிட்டார். வழி திறந்தே இருந்தது, இதே திட்டத்திடம் பயிற்சியின்போது ஏமாந்திருந்த பட்லர் இந்த முறை நேராகப் பாய்ந்து பந்தை எடுத்துக்கொண்டார். பழியை நான் பங்கு பிரித்தால் பிரவுனருக்குப் பாராட்டு, கர்ஸுக்கு முதல் பங்கு, வில்சனுக்குக் கொஞ்சம். பந்து இன்னும் தாழ்வாகப் போயிருக்கலாம். லிஞ்சிடம் கொடுத்திருந்தால் நிச்சயம் டச்டவுன் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, வயதாகிறது.

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற ஒருவர்: மார்க் சான்செஸ் தன் அணி ஆள் பின்புறத்திலேயே முட்டி விழுந்தாரே, அதற்கு யார் பொறுப்பு?

சிரிக்காமல் பதில் சொல்ல முயல்கிறேன். 2012 நவம்பர் 22, நன்றி நவிலல் நாள் ராத்திரி, ஜெட்ஸும் பேட்ரியாட்ஸும். ஜெட்ஸ் குவாட்டர்பேக் சான்செஸ் தப்பான பக்கம் திரும்பினார், பந்தை வாங்க வேண்டியவர் அங்கே இல்லை, சரி நாமே சறுக்கி விழுந்துவிடலாம் என்று முன்னால் ஓடினார். அதுவரை முழுக்க அவர் தப்பு. ஆனால் அந்த இடத்தில் கார்டு பிராண்டன் மூர் பின்வாங்கி வந்துகொண்டிருந்தார், காரணம் எதிரே வின்ஸ் வில்ஃபோர்க் என்ற மலை அவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. முட்டினார், பந்து நழுவியது, ஸ்டீவ் கிரெகரி எடுத்துக்கொண்டு 32 யார்டு ஓடி டச்டவுன். 52 வினாடிக்குள் பேட்ரியாட்ஸ் எடுத்த மூன்று டச்டவுன்களில் அது ஒன்று. மூர் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. வில்ஃபோர்க் தள்ளினால் யார்தான் நகர மாட்டார்கள்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஜயன்ட்ஸ் ரசிகர்: லைன் உடைந்தும் ஆட்டம் ஜெயித்தால் அப்போது யாருக்கு என்ன?

அப்போது யாருக்கும் ஒன்றுமில்லை, அதுதான் வேடிக்கை. 2008 பிப்ரவரி 3, ஈலை மேனிங்கின் சட்டையை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள், லைன் அங்கே சுத்தமாக உடைந்திருந்தது. அவர் எப்படியோ பிய்த்துக்கொண்டு வந்து எறிய, டேவிட் டைரி பந்தைத் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்தார். 32 யார்டு. கொஞ்ச நேரத்தில் 17-14, அதுவரை தோற்காத பேட்ரியாட்ஸ் தோற்றார்கள். அந்த வீடியோவை உலகமே ஆயிரம் முறை பார்த்திருக்கும், அதில் தடுக்கத் தவறியவர்கள் யார் யார் என்று உங்களால் சொல்ல முடியுமா? ஈலை மட்டும் அங்கேயே விழுந்திருந்தால் அந்தப் பெயர்கள் இன்று நியூ ஜெர்சியில் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து: எந்த ஆட்டம் தோற்றாலும் குவாட்டர்பேக் செய்தியாளர்கள் முன்னால் வந்து "என் தப்பு, லைன் நன்றாகத்தான் ஆடியது" என்கிறாரே, நம்பலாமா?

பாதி. அடுத்த ஞாயிறு மறுபடி அந்த ஐந்து பேருக்குப் பின்னால்தான் நிற்கப் போகிறார், வேறு என்ன சொல்வார்?